பின்சீட்டுக்காரியின் கைகள்

1

நான் இந்த ஊரில் வந்து இறங்கி இன்றோடு நாலு வருஷம். ஜெர்மனியில், போலந்து எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. காலை ஷிப்டு முடிந்ததும் கூட வேலை செய்கிறவர்கள் கேக் வைத்து, காபி ஊற்றிக் கொடுத்தார்கள். நல்ல ஜனங்கள்தான். நான் கேக்கை வாயில் வைக்கிற நேரம் பார்த்து ஒருத்தி கேட்டாள், உன் குடும்பம் எப்போது வருகிறது என்று.

இத்தனை நாளும் இந்தக் கேள்விக்கு "அடுத்த கோடைக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு வாய் நிறைய கேக் இருந்ததால் தப்பித்தேன். அவளிடம் சொல்ல முடியாததை ஊரில் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற உங்களிடம் சொல்கிறேன். பர்மனெண்ட் என்ற ஒரு வார்த்தைக்காக நெய்வேலிப் பக்கம் மனுஷர்கள் என்னென்ன செய்வார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

முதலில் கை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லாமே அதில்தான் ஆரம்பித்தது.

இங்கே என் காலை ஷிப்டு விடிவதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும். இல்லம் இருப்பது அடுத்த ஊரில், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, பைக் ஓட்டுவேன். அதனால் பழைய சின்ன பைக் ஒன்றை வாங்கி, பனிக்காலத்திலும் அதிலேயே போய் வருகிறேன். இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை. குளிர் தொடங்கும்போதே பைக்கைப் போர்வை போர்த்திப் படுக்க வைத்துவிடுவார்கள். நான் வாங்கிய வண்டியின் நம்பர் பிளேட்டிலேயே கோடை மாதங்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தது. வருஷம் முழுவதற்கும் மாற்றிக் கொடுங்கள் என்று ஆபீசில் போய் நின்றேன். கவுண்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, குளிர்காலத்தில் யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்டார். நான்தான் என்றேன். என் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் என்ன என்று திருப்பிப் பார்த்தார். நெய்வேலி என்பது ஏதோ பனிப் பிரதேசம் என்று நினைத்தாரோ என்னவோ, மறு பேச்சில்லாமல் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

பனியில் வண்டி ஓட்டினால் முதலில் போவது விரல் நுனி. வலிக்கும், அப்புறம் வலிக்காது. வலிக்காமல் போவதுதான் ஆபத்து, பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. கிளவுஸ் மேல் கிளவுஸாக இறுக்கிப் போட்டால் ரத்தம் ஓடாமல் இன்னும் விறைக்கும். உள்ளே மெல்லிசாக ஒன்று, வெளியே தொளதொளவென்று ஒன்று, அதுதான் சரி. கையைவிடக் கழுத்தும் வயிறும் முக்கியம். அங்கே காற்று புகுந்தால் உடம்பு ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொண்டு விரல்களைக் கைவிட்டுவிடும். நர்ஸாக இருந்தும் எனக்கே இது ரெண்டாவது குளிர்காலத்தில்தான் உறைத்தது. ஹேண்டிலில் மாட்டுகிற பை ஒன்று விற்கிறார்கள், தலையணை உறை மாதிரி இருக்கும், அதற்குள் கையை விட்டுக்கொண்டு ஓட்டலாம். பார்க்கச் சகிக்காது. நான் மாட்டியிருக்கிறேன்.

இவ்வளவு பாடு எனக்காக மட்டும் இல்லை. முதல் குளிர்காலத்தில் வண்டியை நிறுத்திய கையோடு உள்ளே போய் லேமான் அம்மாளைக் குளிப்பாட்டத் தொட்டேன். எண்பது தாண்டியவர், காகிதம் மாதிரித் தோல். என் கைபட்டதும் அலறி, என் முகத்திலேயே தட்டிவிட்டார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. அதற்கப்புறம் கையைச் சூடாக வைத்துக்கொள்வதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது.

பிடியே சூடாகிற மாதிரி உள்ளே கம்பிச்சுருள் வைத்துக் கொடுக்கிற கடைகள் இங்கே உண்டு. மூன்று குளிர்காலமாக நான் அதை வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் வந்துவிட்டால் அவர்தானே ஓட்டப்போகிறார், நான் பின்னால்தானே உட்காரப்போகிறேன் என்று இருந்துவிட்டேன். போன வாரம்தான் வைத்தேன்.

2

நெய்வேலிக் குளிர் என்று இங்கே சொன்னால் சிரிப்பார்கள். இவர்களுடைய கோடை இரவே அதைவிடக் குளிர். ஆனால் மார்கழி விடியலில், முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாத பனிமூட்டத்தில், மந்தாரக்குப்பம் ரோட்டில் பைக்கில் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். அது அது அந்தந்த ஊருக்குக் குளிர்தான்.

சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே, கிராமத்தில் எங்கள் வீடு. அவர் பெயர் சேகர். அவர் வீட்டில் பரம்பரையாகப் பிறத்தியார் நிலத்தில் நடவு நட்டவர்கள், கரும்பு வெட்டியவர்கள். இவர்தான் முதன்முதலில் மைன்ஸ் வேலைக்குப் போனவர், காண்ட்ராக்டில். கன்வேயர் பெல்ட் ஓடுகிற இடத்தில் வேலை. எனக்கு மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. முதல் ஷிப்டு வருகிற வாரமெல்லாம் என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு அவர் மைன்ஸுக்குப் போவார்.

கல்யாணமான புதிது. பின்னால் உட்கார்ந்து, சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். அவரைப் பிடிக்க வெட்கம். கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரம் கட்டினார்.

"கம்பியப் புடிக்காத கலா. ஜில்லுனு ஏறிடும். எம் பாக்கெட்ல கைய வுடு."

வடலூர் தைப்பூசக் கடையில் வாங்கிய நீல ஜாக்கெட், ரெண்டு பக்கமும் பெரிய பாக்கெட். கையை விட்டேன். அன்றிலிருந்து நான் ஊரைவிட்டுக் கிளம்புகிற வரைக்கும் ஒவ்வொரு பனிக்காலமும் என் கை இருந்த இடம் அதுதான். கையை நுழைக்கும்போது வயிற்றைத் தொட்டால் நெளிவார், வண்டியும் கூடவே நெளியும். ரோட்டில் போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ. நான் கவலைப்பட்டதில்லை.

என் கைக்கு அவர் பாக்கெட். அவர் கைக்கு? முதலில் சாக்ஸைக் கையில் மாட்டிப் பார்த்தார், கிளட்ச் வழுக்கியது. பாலிதீன் கவரைச் சுற்றிப் பார்த்தார், வேர்த்து நாறியது. அப்புறம்தான் தோல் கிளவுஸ் கிடைத்தது. அது கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

அவர் செக்ஷனில் பர்மனெண்ட் ஆட்களுக்கு ஸ்டோர்ஸிலிருந்து தோல் கிளவுஸ் கொடுப்பார்கள். சாம்பல் நிறத்தில், கெட்டியாக இருக்கும். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வெள்ளைத் துணிக் கிளவுஸ், ஒரு மழைக்குத் தாங்காது. தோல் கிளவுஸ் உள்ளங்கையில் தேய்ந்து ஓட்டை விழுந்ததும், புதுசு வாங்கப் போகிற பர்மனெண்ட்காரர் பழசைக் கூட இருக்கிற காண்ட்ராக்ட் ஆளிடம் தூக்கிப் போடுவார். அது அங்கே வழக்கம், யாரும் கேவலமாக நினைப்பதில்லை. இவருக்கும் அப்படித்தான் ஒரு ஜோடி வந்தது. ஆள்காட்டி விரல் கிழிந்திருந்தது, நான் ரெட்டை நூல் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். துணி மாதிரி மெத்தென்று ஆகிவிட்ட தோல்.

ஒரு நாள் யாரோ ஒருத்தருடைய புது ஜோடியை வீட்டுக்கு எடுத்து வந்தார், நான் பார்க்கட்டும் என்று. மாட்டிப் பார்த்தேன். பலகை மாதிரி விறைப்பு. விரலை மடக்கவே முடியவில்லை. "பொழங்கப் பொழங்கத்தான் மடங்கும்" என்றார். "நம்ம கைக்கு வரும்போது தன்னால மடங்கிக்கினு வரும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3

காண்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்குகிற பர்மனெண்ட் லிஸ்ட் வரும் வரும் என்று வருஷங்கள் போயின. மகள் பவித்ரா பிறந்து பள்ளிக்கூடம் போனாள். ஒவ்வொரு தேர்தலுக்கும், ஒவ்வொரு போராட்டத்துக்கும் அப்புறம் இந்தத் தடவை வந்துவிடும் என்பார்கள். டவுன்ஷிப்புக்குள் பர்மனெண்ட் ஆட்களுக்குக் கொடுக்கிற குவார்ட்டர்ஸ் வாசலில் மாங்காய் தொங்குவதை வண்டியில் போகும்போது பார்ப்பேன். பொறாமைதான், ஏன் மறைக்க வேண்டும். பவியைப் பார்த்துக்கொண்டது, சோறு வைத்தது, வேலைக்குப் போனது எல்லாம் அந்த லிஸ்ட் வருகிறவரைக்கும் ஓட்டிவிடலாம் என்ற கணக்கில்தான்.

அப்போதுதான் கூட வேலை செய்த சிஸ்டர் ஒருத்தி ஜெர்மனி போனாள். நர்ஸுக்கு அங்கே தட்டுப்பாடாம், மொழி படித்தால் போதுமாம். அவரிடம் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. இந்த லிஸ்டை நம்பி எனக்கு நரைத்ததுதான் மிச்சம் என்றார்.

பேசி முடிவெடுத்தது இதுதான்: நான் முதலில் போவது, வேலை நிலைத்ததும் அவரும் பவியும் வருவது. மூன்று பேரும் ஒரே வீட்டில். அவர் அங்கே எந்த வேலையானாலும் செய்வார்.

அங்கே பஸ் இல்லாத ஊரானால் என்ன செய்வாய் என்று கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன்ஷிப்பின் அகல ரோட்டில் எனக்கு வண்டி பழக்கினார். ரெண்டு பக்கமும் மரம், ஆள் நடமாட்டம் இருக்காது. நான் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து கியர் கியர் என்று கத்துவார். எட்டு போட்டு லைசென்ஸும் வாங்கினேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு விடியலில் சாவியை என் கையில் கொடுத்தார்.

"இத்தினி நாள் நான் ஓட்டனேன், நீ பின்னால வந்த. இனிமே நீ ஓட்டு. நான் பின்னால வர்றேன்."

அன்றைக்கு அந்த நீல ஜாக்கெட் என் மேல், பாக்கெட்டில் அவர் கை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் நாலு பனிக்காலத்தை ஓட்டியிருக்கிறேன்.

4

வந்து இறங்கிய ஊரும் பழுப்பு நிலக்கரி தோண்டிய ஊர். என்னை அனுப்பிய ஏஜென்சிக்காரன் ஊர்ப் பெயரைச் சொன்னபோது தெரியவில்லை. பஸ் ஜன்னல் வழியாகத் தூரத்தில், நெய்வேலியில் நிலக்கரி தோண்டுகிற அதே ராட்சத எந்திரம் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நெய்வேலியிலிருந்து கிளம்பி நெய்வேலிக்கே வந்து சேர்ந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன, இங்கே சுரங்கத்தை மூடிக்கொண்டு வருகிறார்கள். தோண்டிய பள்ளத்தில் தண்ணீரை விட்டு ஏரியாக்கி, அதில் படகு விடுகிறார்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நம் ஊர் வழக்கப்படி வீட்டுக்காரர் பெயரைப் போட்டிருந்தேன். இங்கே அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் இல்லத்தில் எல்லோருக்கும் நான் ஃப்ராவ் சேகர், அதாவது திருமதி சேகர். கலைவாணி என்ற பெயர் எனக்கு இருப்பது சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, அப்புறம் பிடித்துவிட்டது. யாராவது கூப்பிடும்போதெல்லாம் அவர் பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி இருக்கும்.

குடும்பத்தை அழைப்பதற்கான காகிதங்களைப் பற்றி எழுதினால் இந்தப் பத்திரிகை முழுக்கப் போதாது. ஆளுக்கு இவ்வளவு இடம் உள்ள வீடு வேண்டும், அந்த வீட்டுக்கு ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தத்துக்கு வேலை நிரந்தரமானது என்று கடிதம் வேண்டும். ஆமாம், பர்மனெண்ட் கடிதம். ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு அத்தனை வருஷம் கிடைக்காதது எனக்கு ஆறே மாதத்தில் வந்ததை போனில் சொல்லக் கூச்சமாக இருந்தது. மெதுவாகத்தான் சொன்னேன்.

என் பக்கம் வீட்டைத் தவிர எல்லாம் ஆயிற்று. அவர் பக்கம்தான் இழுத்துக்கொண்டே போனது. சென்னையில் விசாவுக்குத் தேதி கிடைக்கவில்லை என்பார். பவி பிறப்புச் சான்றிதழில் திருத்தம் என்பார். ஜெர்மன் வகுப்புக்குச் சேர்ந்தேன் என்றார், ஒரு வார்த்தை பேசுங்கள் என்றால் வாத்தியார் ஊருக்குப் போயிருக்கிறார் என்பார். கடைசி சில மாதமாக வீடியோவில் டீக்கடையிலிருந்துதான் பேசுவார், வீட்டில் சிக்னல் இல்லையாம். பவி பேசினால் முகம் மட்டும் தெரியும், பின்னால் ஒரு பூப்போட்ட போர்வையைத் தொங்கவிட்டிருப்பாள். எதுக்குடி என்றதற்கு அழகுக்கு என்றாள். என் தலையில் குடும்பமே உட்கார்ந்து மிளகாய் அரைத்திருக்கிறது, நான் எரிச்சல் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

போன ஐப்பசியில் மூன்று பேருக்கான வீடு கிடைத்தது. பவிக்கு என்று ஒரு தனி அறை, ஜன்னலைத் திறந்தால் ஏரி. நல்ல நேரம் பார்த்து, மின்சார அடுப்பில் தனியாளாகப் பால் காய்ச்சினேன். அவர்களும் பார்க்கட்டும் என்று போனை எதிரே நிறுத்தி வைத்திருந்தேன். பொங்குச்சா பொங்குச்சா என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பொங்கியது. எனக்கு அழுகை வந்தது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதையும் நம்பினேன்.

5

கார்த்திகை கடைசியில் ஒரு நாள். வேலைக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருக்க, நான் தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்த நேரம், அவர் நைட் ஷிப்டு முடித்து வந்து டீ குடிக்கிற நேரம். முந்தின நாள்தான் வண்டியில் வரும்போது விரல் நுனி வெளுத்து, வீட்டுக்கு வந்தும் நெடுநேரம் உணர்ச்சி இல்லாமல் இருந்தது. பயந்துபோயிருந்தேன். போனில் அவரைப் பார்த்ததும் புலம்பினேன். கை விறைக்குதுங்க, அங்கயும் பனிதானே, நீங்க என்ன பண்றீங்க என்று.

அவர் இயல்பாகக் கையைத் தூக்கிக் காட்டினார்.

"இதப் போட்டுக்கினுதான் வர்றேன். காத்தே புகாது."

தோல் கிளவுஸ். சாம்பல் நிறம். யார் கொடுத்தது என்று கேட்டேன். செக்ஷனில் ஒருத்தர் கொடுத்த பழசு என்றார். நானும் சரி என்று அடுத்த பேச்சுக்குப் போயிருப்பேன். ஆனால் தூக்கிக் காட்டிய கை அப்படியே நின்றது, ஐந்து விரலும் விறைத்துக்கொண்டு, துணிக்கடைப் பொம்மையின் கை மாதிரி.

"எங்க, கைய மடக்குங்க."

"இன்னாத்துக்கு?"

"மடக்குங்கன்னு சொல்றேன்."

சிரித்துக்கொண்டே மடக்கப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. இன்னொரு தரம் முயற்சி செய்தார். அதற்குள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், சிரிப்பு போய்விட்டது. காண்ட்ராக்ட் கைக்கு மடங்காத கிளவுஸ் வராது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"எப்பங்க வந்துச்சு?"

எது என்று அவர் கேட்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஆனியில."

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஆனியில் பர்மனெண்ட் ஆர்டர் வந்திருக்கிறது. ஆவணியில் குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். கிளவுஸ்தான் அந்த வாரம் ஸ்டோர்ஸிலிருந்து வந்திருக்கிறது. பவியை டவுன்ஷிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியாயிற்று. விசாவுக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. உன் மனசு உடைந்துவிடும் என்றுதான் சொல்லவில்லை, பொங்கலுக்கு நீ வரும்போது நேரில் சொல்லலாம் என்று இருந்தேன் என்றார். குவார்ட்டர்ஸில் யார் பால் காய்ச்சியது என்று கேட்டேன். அவருடைய அக்கா என்றார்.

என் இடத்தில் நின்று நாத்தனார் பால் காய்ச்சியிருக்கிறாள். அது முடிந்து ரெண்டு மாதம் கழித்து, அவர்கள் வரவே போகாத ஒரு வீட்டில் நான் தனியாகப் பால் காய்ச்சியதைப் பார்த்து, பொங்குச்சா பொங்குச்சா என்று கேட்டிருக்கிறார். இதை எழுதும்போது "கேட்டான்" என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டு "கேட்டிருக்கிறார்" என்று மாற்றியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் பவியைக் கூப்பிட்டேன். போர்வை இல்லை. பின்னால் வெள்ளைச் சுவர், வலை அடித்த ஜன்னல்.

"ஏன்டி நீகூடச் சொல்லல?"

"அப்பா சொல்ல வேணாம்னாரும்மா." கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நீ நாங்க எப்ப வருவோம்னுதாம்மா கேட்டுட்டே இருந்த. நீ எப்ப ஒரேயடியா வருவேன்னு ஒரு தடவகூடச் சொல்லல."

வெளிநாட்டில் பிள்ளைகள் மொழி மறந்து அந்நியமாகிப் போகிறார்கள் என்று எத்தனையோ பேர் எழுதிப் படித்திருக்கிறேன். என் பிள்ளை எங்கேயும் போகவில்லை. நெய்வேலியிலேயே இருந்து, வேறு ஒரு வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது. வூடு என்று சொல்வதையே விட்டுவிட்டாள், குவார்ட்டர்ஸ் என்கிறாள்.

6

லீவு போட்டுவிட்டு மார்கழி கடைசியில் போனேன். சண்டை போடத்தான் போனேன். முடிந்தால் பவியையாவது கையோடு கூட்டி வர வேண்டும் என்றும் இருந்தது.

நான் அத்தனை வருஷம் வண்டியில் போகும்போது பார்த்துப் பார்த்து ஏங்கிய அதே மாதிரி வீடு. வாசலில் மாமரம்கூட இருந்தது. உள்ளே சமையல் கட்டில் உப்பு எங்கே, புளி எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. நாத்தனார் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பக்கத்து வீட்டில் திருநெல்வேலிக்காரக் குடும்பம். அந்த அம்மாள் நல்ல மாதிரி, கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எப்ப வந்திய? எத்தன நாள் இருப்பிய?" என்று விசாரித்தார். விருந்தாளியிடம் கேட்கிற கேள்வி. என் புருஷனுடைய வீட்டு வாசலில் நின்று அதற்குப் பதில் சொன்னேன்.

கத்தினேன், திட்டினேன், கண்டதைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கடைசியில், அந்த வேலையை விட்டுவிட்டு வந்துவிடு கலா, இங்கேயும் ஆஸ்பத்திரி இருக்கிறது, நம் மூன்று பேருக்கும் இது போதும் என்றார். ஆர்டர் கையில் வந்த அன்றைக்கு என்ன தோன்றியது என்றும் சொன்னார். அவருடைய அப்பா, தாத்தா யாருக்கும் வாய்க்காத காகிதம், அதை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லிவிடுவேனோ என்று பயமாம். அதனால் மறைத்தாராம்.

இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஆனியில் அவர் போன் பண்ணி, லிஸ்ட் வந்துவிட்டது, எனக்கு விட மனசில்லை, நீ வந்துவிடு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் வந்திருப்பேன். சத்தியமாக வந்திருப்பேன். அந்தப் பழைய கிளவுஸை ரெட்டை நூல் போட்டுத் தைத்தவள் நான். அவருக்கு அந்தக் காகிதம் என்ன என்று எனக்குத் தெரியாதா? என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே நான் என்ன சொல்வேன் என்று முடிவு பண்ணி, என் பிள்ளைக்கும் பொய் சொல்லப் பழக்கி, போர்வையைத் தொங்கவிட்டு மறைத்திருக்கிறார்கள். இப்போது வா என்றால், அந்த மனுஷருடைய எந்த வார்த்தையை நம்பி நான் வருவது? இதை அப்படியே அவரிடமும் சொன்னேன்.

பவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஏரி தெரிகிற அறை உனக்காக இருக்கிறது என்றேன். அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள், வெடுக்கென்று சொல்லவில்லை. அங்கே வந்தால் நீ ஷிப்டில் இருப்பாய், நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், இங்கே எனக்கு பிரெண்ட்ஸ் இருக்கிறார்கள், அப்பா இருக்கிறார் என்றாள். நியாயம்தான். என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். நானும் தலையைக் கோதிவிட்டேன். ஆனால் வரமாட்டேன் என்றால் வரமாட்டாள்.

திரும்புகிற அன்று விடியலில் சென்னை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நல்ல பனிமூட்டம். அவர் வண்டியை வெளியே எடுத்து, கிளவுஸை மாட்டிக்கொண்டு நின்றார். இந்த ஒரு மாதத்தில் அது கொஞ்சம் பழகியிருந்தது, விரல் முக்கால்வாசி மடங்கியது. சாவியைக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு நான் ஓட்ட, அவர் பின்னால் ஏறிக்கொண்டார்.

டவுன்ஷிப் ரோடு அப்படியே இருந்தது, அவர் எனக்கு வண்டி பழக்கிய அதே ரோடு. கையில் ஒன்றும் போடாமல்தான் ஓட்டினேன். எதிரே வருகிற ஆட்கள் காதுக்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். எனக்குக் குளிரவே இல்லை. நாங்கள் அவ்வளவு ஒட்டிக்கொண்டு கடந்த குளிர் இதுதானா என்றிருந்தது. பின்னால் அவருக்கு உடம்பு நடுங்குவது சீட்டில் தெரிந்தது.

ஆர்ச் தாண்டினதும் அவர் கிளவுஸைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ரெண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார் போல. அப்புறம் ஒரு கை என் ஜாக்கெட்டின் பக்கவாட்டில் வந்து பாக்கெட்டைத் தேடியது. ஜெர்மனியில் வாங்கிய பைக் ஜாக்கெட், பாக்கெட்டுக்கெல்லாம் ஜிப் உண்டு. கிளம்பும்போதே ரெண்டு பக்கமும் இழுத்து மூடியிருந்தேன். விரல் ஜிப்பின் மேலேயே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றது. திறக்கத் தெரியாமல் இல்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்.

"பின்னால கம்பி இருக்குங்க" என்றேன். "அதப் புடிச்சிக்குங்க."

பிடித்துக்கொண்டார்.